பாதி சுருட்டை, பாதி வைக்கோல்: இந்த முடியை என்ன செய்வது டாக்டர்?

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. பள்ளியில் கேலி பேசியவர்கள் நிறைய. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்ச் சம்பளம் வந்ததும் பார்லரில் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்பு ஒரு தடவை, அப்புறம் இரண்டு தடவை. கடைசியாகச் செய்து 16 மாதம் ஆகிறது. அன்று தலை எரிந்து, இடது காதுக்கு மேலே கொப்புளம் வந்தது. கேட்டதற்கு, "அதெல்லாம் சகஜம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் கர்ப்பம். இப்போது குழந்தைக்கு 5 மாதம். இரண்டு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மேலே சுருட்டை, கீழே வைக்கோல். "பதினாறு மாசத்துல நாலு விரக்கடைகூட வளரலை டாக்டர்" என்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். போர் தண்ணிதான் காரணம், குழந்தைக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போடும்போது நீயும் போட்டுக்கொள், அடர்த்தியாக முளைக்கும் என்கிறார் மாமியார். கணவர் ஆன்லைனில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும், முடி வளரத் தலையில் தடவும் 5 சதவீத மினாக்சிடில் சீரமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பார்லரில், இன்னொரு தடவை போட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். அடுத்த மாதம் பிரசவ விடுப்பு முடிகிறது. கடைசி வரி: "எங்க ஆயாவுக்கு எழுபது வயசுலயும் பின்னல் இடுப்பைத் தாண்டும். எனக்கு அப்படி வளருமா?"

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த நாலு விரற்கடைக் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். அடுத்த முறை தலைக்கு ஊற்றியதும், ஈரம் காயும் முன் புதிதாக வளர்ந்த சுருளில் ஒன்றைப் பிரித்தெடுங்கள். ஒரு விரலால் வேர்ப் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மெதுவாக நீட்டி, நேர்முடி தொடங்கும் இடம் வரை தையல் டேப்பால் அளந்து பாருங்கள். தலைமுடி மாதத்துக்குச் சராசரியாக 1 சென்டிமீட்டர் வளரும். ஆகவே 14 முதல் 16 சென்டிமீட்டர் வரை இருக்கும் என்பது என் கணிப்பு. காய்ந்ததும் அது ஸ்பிரிங் போலச் சுருங்கி நாலு விரற்கடையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உங்கள் வேர் ஒரு நாளும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வேர் கொடுப்பதை நுனியில் இழந்துகொண்டிருக்கிறீர்கள். வைத்தியம் தேவைப்படுவது நுனிக்கு. உங்கள் வீட்டில் எல்லோரும் வேருக்குப் பார்க்கிறார்கள்.

கொட்டுவது வேறு, உடைவது வேறு

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உதிர்ந்த முடியை ஒரு பாலித்தீன் கவரில் சேர்த்துக் கொண்டுவருவார்கள். நீங்களும் சேர்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண்ணீரோடு எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு இருபது முடியை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒரு நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளை முடிச்சு இருந்தால், அது வேரோடு தானாக உதிர்ந்தது. முடிச்சு இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால், நடுவில் உடைந்தது. உங்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.

உதிர்வதற்குக் காரணம் பிரசவம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் முடியை உதிரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். பிள்ளை பிறந்ததும் அந்தப் பிடி விட்டுப்போக, நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு, மூன்று மாதம் கழித்து மொத்தமாக விழத் தொடங்கும். உங்களுக்குத் தொடங்கியிருப்பதும் சரியாக அப்போதுதான். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் அடங்கிவிடும். கண்ணாடி முன் நின்று நெற்றி ஓரத்தைப் பாருங்கள். அங்கே குச்சி குச்சியாக நிற்கும் குட்டி முடிகள் புது வரவு.

இன்னொன்று. குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பத்து நாளைக்கு ஒரு முறைதான் தலைக்கு ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரணமாக யாருக்குமே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். பத்து நாள் உதிர்ந்தது சிக்கிலேயே தங்கி ஒரே நாளில் கையோடு வந்தால், கொத்தாகத்தானே வரும்? நீங்கள் தலைக்கு ஊற்றுவதால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. வாரம் இரண்டு முறை ஊற்றலாம். சாம்பிராணிப் புகையை மட்டும் பிள்ளை இருக்கும் அறையில் போட வேண்டாம், அதன் நுரையீரலுக்கு ஆகாது.

உடைவதற்குக் காரணம் அந்த மூன்று ஸ்மூத்தனிங். முடிக்குப் பலம் தருவது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கட்டி நிறுத்தும் கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் அவிழ்த்து, இஸ்திரி போட்டு நேராக்கி, மறுபடி பூட்டுவதுதான் இந்த வேலைகளில் பெரும்பாலும் நடப்பது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலம் போகும். தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்ற பொருள், தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளாது. எந்த எண்ணெயும் அந்த வைக்கோலைத் திரும்பச் சுருட்டையாக்காது. புதுச் சுருட்டையும் பழைய நேர்முடியும் சந்திக்கும் இடம்தான் ரொம்பப் பலவீனம். ஒட்டுப் போட்ட கயிறு ஒட்டில்தானே அறும்?

வெட்டுவதா, காத்திருப்பதா, மொட்டையா?

பார்லர் சொல்லும் வழியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். ஏற்கெனவே கொப்புளம் வந்த தலை, கையில் பால் குடிக்கும் குழந்தை. நேராக்கும் கிரீம்கள் சிலவற்றில் பார்மால்டிஹைடு ஆவி வரும். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. சரி, அது இல்லாத கிரீம் என்றால்? பல கிரீம்களில் அதற்குப் பதிலாக கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கும். மூன்று முறை நேராக்கிக்கொண்டு, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 2024-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதியிருந்தார்கள். அவருக்குப் போட்ட கிரீமில் இருந்தது இந்த அமிலம்தான். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. அழகுக்காக இந்த வயதில் எடுக்க வேண்டிய ஆபத்து இது இல்லை என்கிறேன்.

மொட்டை விஷயத்தில் உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நேர்த்திக்கடன் என்றால் அது உங்கள் நம்பிக்கை, தாராளமாகச் செலுத்துங்கள். ரசாயனம் பட்ட முடி மொத்தமும் ஒரே நாளில் போய்விடும் என்ற வகையில் மொட்டை ஒரு சுத்தமான தீர்வும்கூட! ஆனால் மொட்டை போட்டால் அடர்த்தியாகும் என்பது சரியில்லை. கத்தி படுவது தோலுக்கு மேலே, வேர் இருப்பது தோலுக்குக் கீழே. வெட்டுப்பட்ட முனை மொட்டையாக நிற்பதால் தடவும்போது கனமாகத் தெரியும். வேர்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. குழந்தைக்கும் இதே பதில். யாருக்குப் போட்டாலும், புது பிளேடைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

மீதி இரண்டு வழி. ஒன்று, நேர்முடி முழுவதையும் இப்போதே வெட்டிவிடுவது. மிஞ்சுவது 15 சென்டிமீட்டர், காய்ந்தால் காது வரைக்கும் நிற்கும். பராமரிப்பு மிச்சம், சிக்கு இல்லை. ஆனால் ஊரில் நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மனம் தயாராக இருக்க வேண்டும். குழந்தை பிறந்த முதல் வருடத்தில் மனசு சும்மாவே தளர்ந்திருக்கும். அதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன். இரண்டாவது, நீளத்தை விடாமல், இரண்டு மாதத்துக்கு ஓர் அங்குலமாக நுனியை மட்டும் வெட்டிக்கொண்டே வருவது. இப்போது முடி முதுகின் பாதி வரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நேர்முடி மட்டும் சுமார் 30 சென்டிமீட்டர். அது தீர இரண்டு வருடம் ஆகும், அதுவரை அந்த ஒட்டு தாங்க வேண்டும். தாங்காது.

என்னைக் கேட்டால், நடுவழி. வேலைக்குத் திரும்பும் முன்பு தோள் வரைக்கும் வெட்டிவிடுங்கள். பின்னல் போடவும் முடியும், யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். நேர்முடி ஒரு சாணில் பாதிதான் மிஞ்சும். இரண்டு மாதத்துக்கு ஓர் அங்குலம் என்றால் ஐந்து வெட்டில், அதாவது பத்து மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் உங்கள் சொந்த முடி 25 சென்டிமீட்டரைத் தொட்டிருக்கும்.

ஆயாவின் பின்னல் இதற்குப் பிறகுதான். அங்கிருந்து இடுப்பை எட்ட இன்னும் நாலைந்து வருடம் ஆகும். ஒரு முடி எத்தனை வருடம் விடாமல் வளரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சாதாரணமாக 2 முதல் 6 வருடம். இரண்டு வருடம் வளர்ந்து உதிரும் முடி, என்ன தேய்த்தாலும் தோளைத் தாண்டாது. ஆயாவுக்கு அந்தக் காலம் நீளமாக அமைந்திருக்கிறது. அது உங்களுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சிறு வயதில் வெட்டாமல் விட்டபோது எதுவரை வளர்ந்தது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். என்னால் சொல்ல முடியாததை அவர் சொல்வார்.

போர் தண்ணியும் ஓகேனக்கல் தண்ணியும்

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் முடி கொட்டினால் முதல் பழி தண்ணீர் மேல்தான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. அதற்காகத்தான் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் ஃபுளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும், அதுவும் குடிப்பதால். குளிப்பதால் முடி கொட்டாது. தலைமுடிக்குத் தொந்தரவு தருவது தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். அவை முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், சீவும்போது உடையும். வேரை அவை தொடுவதில்லை.

அதனால் குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து, பிசுபிசுவென்று முடியில் ஒட்டிக்கொள்ளும். ஷாம்புவில் அந்தச் சிக்கல் குறைவு. அரப்பு, சீயக்காய் பழக்கமென்றால் அதுவும் சரி. பொடியை மெல்லிய துணியில் சலித்து, வடிகஞ்சியில் கரைத்துப் போடுங்கள். திப்பி நிற்கும் பொடியைச் சுருட்டை முடியில் தேய்த்தால் அதை எடுப்பதற்குள் பாதி முடி அறுந்துவிடும். ஓகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் கடைசியாக அலச ஒரு குடம் எடுத்து வையுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. வடிகட்டும் ஷவர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

சுருட்டை முடிக்குச் சில பழக்கங்கள்

வேரில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிக்குப் போய்விடும். சுருளில் அது வளைந்து வளைந்து இறங்க வேண்டும், அதனால் நுனி எப்போதும் காய்ந்தே இருக்கும். இதுவரை நேர்முடிக்குச் செய்ததையே சுருட்டைக்கும் செய்தால் சரிப்படாது.

தேங்காய் எண்ணெய் முடியை வளர்க்காது, ஆனால் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். பலன் தந்தது தேங்காய் எண்ணெய் மட்டும். குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, நீளத்துக்கும் நுனிக்கும் தடவுங்கள். பொடுகு இருந்தால் மண்டையில் எண்ணெய் ஊற வைக்க வேண்டாம், பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு அது விருந்து.

காய்ந்த தலையைச் சீவாதீர்கள். ஈரமாக இருக்கும்போது கண்டிஷனர் தடவி, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போங்கள். ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டால், இழுப்பு அதன் மேல் விழாது. அப்புறம், குளித்துவிட்டு வாசலில் நின்று தலையைக் குனிந்து துண்டால் பட் பட்டென்று அடிப்போமே, அதை இன்றோடு நிறுத்துங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். தலையணை மேல் கிழிந்த பட்டுப் புடவையின் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், உரசல் குறையும். கம்பெனியில் தொப்பிக்குள் முடியை அடக்க வேண்டும் என்றால், உச்சிக் கொண்டையாக இறுக்காமல் கழுத்துப் பக்கம் தளர்வாகப் பின்னி உள்ளே விடுங்கள். தினமும் இறுக்கினால் நெற்றி ஓரம் ஏறும், வருடக்கணக்கில் இழுத்தால் அந்த முடி திரும்பி வராது.

வெங்காயச் சாறு, அரிசி கழுவிய தண்ணீர், ரோஸ்மேரி பற்றியெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். செய்யாவிட்டால் நஷ்டமில்லை.

மாத்திரை, சீரம், பத்தியம்

மினாக்சிடிலைப் பால் கொடுக்கும் காலத்தில் நீங்களாகப் போட வேண்டாம். பிரசவத்தால் உதிர்வதற்கு அது தேவையுமில்லை. தடவிய தலையோடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால் மருந்து அதன் தோலிலும் படும். இப்படிப் பட்டு, கைக்குழந்தைகளின் உடம்பெல்லாம் முடி வளர்ந்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. பயோட்டின் குறைபாடு ரொம்ப அரிது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டிவிடும். அதை வாங்கிக் கொடுக்கும் முன்பு யாரும் உங்கள் ரத்தத்தைச் சோதிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ஐந்து மாதமாகப் பத்தியம், கீரை இல்லை, முட்டை இல்லை, ரசமும் பூண்டுக் குழம்பும்தான். இதுதான் எனக்கு முக்கியம். முடி என்பதே புரதம். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட அதிகம் வேண்டும். முட்டை, பருப்பு, கொள்ளு, முருங்கைக் கீரை எதுவும் பிள்ளைக்கு ஆகாதது இல்லை. ராகிக் களி சாப்பிடுங்கள், அதில் கால்சியம் அதிகம். ஆனால் ரத்தசோகைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு 6 மாதம் சாப்பிட வேண்டும். முதல் மாதமே பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதை டீயோடும், கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். ஒன்று காலையில், ஒன்று இரவில்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பு), தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறுவது உண்டு. பயோட்டினை நிறுத்தி இரண்டு, மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், தனியாரிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

கொப்புளத்துக்கு யார் பொறுப்பு?

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் சொல்கிறேன். காசு கொடுத்துப் பெற்ற சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். உங்களுக்கு 16 மாதம் ஓடிவிட்டது, 8 மாதம்தான் பாக்கி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் ஆலோசனை கேட்கலாம். பில், பணம் அனுப்பிய விவரம், அன்று எடுத்த போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பில்லே இல்லை, கொப்புளத்தை எந்த டாக்டரும் பார்க்கவில்லை என்றால் நிரூபிப்பது கஷ்டம். அந்த அலைச்சல் கைக்குழந்தையோடு வேண்டுமா என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கொப்புளம் வந்த இடத்தில் திரும்ப முடி முளைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே கணவரை அந்த இடத்தை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குட்டி முடிகள் தெரிந்தால் கவலையில்லை. தோல் வழவழவென்று, துளையே இல்லாமல் பளபளத்தால் அது தழும்பு. அங்கே வேர் செத்திருக்கலாம், உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போகும்போது அந்த பாலித்தீன் கவர் வேண்டாம். சீரம் பாட்டில், மாத்திரை டப்பா, முடிந்தால் அந்தப் பார்லரில் போட்ட கிரீமின் பெயர், இந்த மூன்றையும் கொண்டு போங்கள்.